ஏதென்ஸ் நகரத்தில் ஒரு சிம்போசியம் நடத்துவது எப்படி

கி.மு. 5ஆம் நூற்றாண்டு முடிந்து 4ஆம் நூற்றாண்டு தொடங்குகிற சமயம். ஏதென்ஸில் சொந்த வீடு, ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், வீட்டு வேலைக்கு நாலைந்து அடிமைகள் என்று வசதியாக இருக்கிற குடிமகன் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி நண்பர்களைக் கூப்பிட்டு ஒரு சிம்போசியம் வைக்கப் போகிறீர்கள். சிம்போசியம் என்றாலே 'சேர்ந்து குடிப்பது' என்றுதான் அர்த்தம். ஆனால் குடிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் அறையைப் பாருங்கள். வீட்டில் ஆண்ட்ரோன், அதாவது ஆண்கள் அறை, பெரும்பாலும் தெருவாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், வருகிறவர்கள் வீட்டுப் பெண்கள் இருக்கும் பக்கம் போகாமல் நேராக உள்ளே நுழைந்துவிடலாம். மாசிடோனியாவின் அரசர் பிலிப் கி.மு. 348இல் அழித்துப்போட்ட ஒலிந்தஸ் நகரத்தைத் தோண்டியபோது இந்த மாதிரி அறைகள் நிறையக் கிடைத்தன. சுவரை ஒட்டித் தாழ்வான ஒரு திண்ணை, நடுவில் சில வீடுகளில் கூழாங்கல் பதித்த சித்திரத் தரை, அப்புறம் வாசல் மட்டும் சுவரின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகத் தள்ளி இருக்கும். கொத்தனார் அளவு தப்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். சாய்கட்டில்களை ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்றின் கால்மாடு வருகிற மாதிரி நாலு சுவரையும் ஒட்டிப் போட்டால் கணக்கு அப்படித்தான் வரும், வாசலுக்கு ஒரு பக்கம் கட்டிலின் நீளம், மறுபக்கம் அகலம். மரக்கட்டில் எல்லாம் எப்போதோ மக்கிப்போய்விட்டது, அந்த ஓரவாசலை வைத்தே இது ஆண்ட்ரோன் என்று இன்று அடையாளம் சொல்லிவிடுகிறார்கள்.

ஏழு கட்டில் போதும். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், மொத்தம் 14. அதற்கு மேல் போனால் எதிர்க்கட்டிலில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, பேச்சு இரண்டு மூன்றாகப் பிரிந்துவிடும். எல்லாரும் இடது முழங்கையைத் தலையணையில் ஊன்றிச் சாய்ந்திருப்பார்கள், வலது கை சாப்பிடவும் கிண்ணம் பிடிக்கவும். சின்னப் பையன்கள் வந்தால் அப்பா பக்கத்தில் உட்காரலாம், சாயக் கூடாது. மாசிடோனியாவில் இது இன்னும் கறார்: வலை போடாமல் ஒரு காட்டுப்பன்றியைக் குத்திக் கொன்றவன்தான் சாயலாம் என்று வழக்கம். பின்னாளில் அங்கே அரசரான கசாண்டர் நல்ல வேட்டைக்காரர்தான், ஆனாலும் அந்த ஒரு பன்றி அமையாததால் 35 வயதிலும் அப்பா பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தே சாப்பிட்டார் என்று ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அழைப்பு அனுப்புவதெல்லாம் பெரிய வேலை இல்லை. அகோராவில், அதாவது சந்தைத் திடலில், ஆளைப் பார்க்கும்போது வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும். அழைக்காத ஒருவரை நண்பர் கூட்டிவந்தால் முகம் சுளிக்காதீர்கள். கி.மு. 416இல் துன்பியல் நாடகப் போட்டியில் ஜெயித்த அகதோன் வைத்த விருந்தைப் பற்றி பிளேட்டோ எழுதியதில் இது அப்படியே வருகிறது. சாக்ரடீஸ் அன்றைக்கு அதிசயமாகக் குளித்து, காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, அழைப்பில்லாத ஒருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். வழியில் ஏதோ யோசனை வந்து பக்கத்து வீட்டு முன்கூடத்திலேயே நின்றுவிடுகிறார், அடிமை போய்க் கூப்பிட்டும் அசையவில்லை, பாதிச் சாப்பாட்டில்தான் வந்து சேர்ந்தார். இப்படிப்பட்ட விருந்தாளி ஒருவர் உங்களுக்கும் வாய்த்தால் ஒரு இடத்தை விட்டுவைத்துச் சாப்பாட்டைத் தொடங்கிவிடுங்கள்.

உங்கள் மனைவி இதில் கிடையாது. அம்மா, மகள், தங்கை யாருக்கும் இடமில்லை. ஒரு பெண் அந்நிய ஆண்களோடு உட்கார்ந்து குடித்தாள் என்று சாட்சி சொன்னாலே அவள் முறையான மனைவி இல்லை என்று கோர்ட்டில் வாதாடலாம். நியேரா என்ற பெண்ணின் மீது கி.மு. 340களில் நடந்த வழக்கில் அப்படித்தான் செய்தார்கள். அறைக்குள் வருகிற பெண்கள் ஹெதைராக்கள், அதாவது கணிகையர், இல்லை என்றால் கூலிக்கு வரும் ஆலோஸ்காரிகள். ஆலோஸைப் புல்லாங்குழல் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அது தப்பு. சீவாளி வைத்து ஊதுகிற இரட்டைக் குழல் அது, சத்தம் கணீரென்று வரும். கூலியில் பேரம் பேச உங்களுக்கு அதிக வேலையில்லை: இரண்டு டிராக்மாவுக்கு (வெள்ளிக்காசு) மேல் யாரும் கொடுக்கக் கூடாது என்று சட்டம், ஒரே பெண்ணைப் பல பேர் கேட்டால் நகர அதிகாரிகள் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரிடம் அனுப்புவார்கள் என்று அரிஸ்டாட்டில் காலத்துக் குறிப்பு சொல்கிறது. கழிவு அள்ளுகிறவர்கள் மதிலுக்குப் பக்கத்தில் கொட்டாமல் பார்த்துக்கொள்வதும் இதே அதிகாரிகள் வேலைதான். எரெக்தியோன் கோயில் கட்டிய தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி ஒரு டிராக்மா என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு டிராக்மா சும்மா இல்லை.

சாப்பாட்டை நீட்டி முழக்காதீர்கள். பார்லி மாவில் பிசைந்த மாசா, கோதுமை ரொட்டி, தொட்டுக்கொள்ள மீன். கையில் காசிருந்தால் கோபாயிஸ் ஏரி விலாங்கு வாங்குங்கள், மேசைக்கு வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ரொட்டியைக் குறைத்து மீனையே அள்ளுகிறவனுக்கு ஊரில் கெட்ட பேர் உண்டு, நகைச்சுவை நாடகத்தில் பெயரோடு இழுத்துவிடுவார்கள். கை துடைக்க ரொட்டியின் உள்சதையை உருட்டித் துடைத்துக் கீழே நாய்க்குப் போடுவது வழக்கம். அப்புறம் அடிமைகள் மேசையை எடுத்துவிட்டுத் தரையைக் கூட்டி, கைக்குத் தண்ணீர் ஊற்றி, தலைக்கு மாலை கொடுப்பார்கள். இதற்குப் பிறகுதான் சிம்போசியமே தொடங்குகிறது.

முதல் வாய் மட்டும் தண்ணீர் கலக்காத ஒயின், 'நல்ல தெய்வத்துக்கு' என்று சொல்லி ஒரு சொட்டு. பிறகு சாமிகளுக்குக் கொஞ்சம் தரையில் ஊற்றி, எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு. இது முடிந்ததும் ராத்திரிக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள், அவர்தான் சிம்போசியார்க். கலவை என்ன, எத்தனை கலம், எவ்வளவு வேகம் என்று முடிவு செய்வது அவர். வீட்டுக்காரர் நீங்களாகவே இருந்தாலும் குறுக்கே பேசாதீர்கள்.

கலக்குகிற பாத்திரம் கிராத்தேர், வாய் அகன்ற பெரிய மண்கலம், அறை நடுவில் நிற்கும். முதலில் தண்ணீர், அதன் மேல் ஒயின் என்பதுதான் சரியான வரிசை என்று பழைய கவிஞர் செனோஃபனீஸ் சொல்கிறார். ஒரு பங்கு ஒயினுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால் பத்திரம், அவருக்கும் முந்தைய கவிஞர் ஹெசியோடே அதைத்தான் சொல்கிறார். இரண்டுக்கு ஐந்து கொஞ்சம் தைரியம். சரிபாதி என்று யாராவது கேட்டால் அவர் ஏற்கெனவே வேறெங்கோ குடித்துவிட்டு வந்திருக்கிறார். தண்ணீரே கலக்காமல் குடிப்பதை, கருங்கடலுக்கு வடக்கே திரிகிற நாடோடிகளான சித்தியர் பழக்கம் என்று கேலி செய்வார்கள், ஸ்பார்ட்டா அரசர் கிளியோமினீஸ் பைத்தியமானது சித்தியத் தூதர்களோடு பழகி அப்படிக் குடித்ததால்தான் என்று ஸ்பார்ட்டாக்காரர்களே சொன்னதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதுகிறார். கலந்ததை ஊற்றிக்கொடுக்கிற பையன் இடமிருந்து வலமாகப் போகட்டும். பேச்சும் பாட்டும் அதே திசைதான், கைமாறி வரும் மிர்டில் செடிக் கிளை யார் கையில் வந்துசேர்கிறதோ அவர் பாட வேண்டும். பாட்டுத் தெரியாது என்று கையை விரித்தால் மானம் போகும், கி.மு. 514இல் ஏதென்ஸ் சர்வாதிகாரியின் தம்பி ஹிப்பார்கஸைக் கொன்ற ஹர்மோடியஸ், அரிஸ்டோகைட்டன் மீதான பாட்டையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கும் கிண்ணம் கைலிக்ஸ், ஆழமில்லாதது, பிடிக்க இரண்டு காது. சில கிண்ணங்களின் வெளிப்பக்கம் இரண்டு பெரிய கண் வரைந்திருக்கும், தூக்கிக் குடிக்கும்போது எதிரே இருப்பவருக்கு முகமூடி மாட்டிய ஆள் மாதிரி தெரியும். கடைசியில் அடியில் தங்கும் கசடு வீண் இல்லை, அதில்தான் கோட்டபோஸ் விளையாட்டு. ஆள்காட்டி விரலைக் கிண்ணத்தின் ஒரு காதில் நுழைத்து, மணிக்கட்டைச் சுண்டி, அந்தக் கசடை ஒரு கம்பத்தின் உச்சியில் நிற்கும் சின்னத் தட்டின் மேல் அடிக்க வேண்டும், தட்டு விழுந்து கீழே இருக்கும் வட்டில் 'டங்' என்று மோத வேண்டும். வீசும்போது மனதில் இருப்பவர் பெயரைச் சொல்வார்கள், பட்டால் காதல் பலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. முழங்கையைத் தலையணையிலிருந்து எடுக்காமல் வீசுவதுதான் அழகு. தரை என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், காலையில் துடைக்கப்போவது நீங்கள் இல்லை.

குறும்பு செய்தால் எல்லாம் வெளியே போய்ச் சேரும் என்பதையும் மறக்காதீர்கள். கி.மு. 415இல் தெருக்களில் நின்ற ஹெர்ம் சிலைகளை (ஹெர்மஸ் தெய்வத்தின் தலை வைத்த கல்தூண்கள்) யாரோ ஒரே ராத்திரியில் உடைத்ததும், வீடுகளில் எலூசிஸ் ஊர்க் கோயிலின் ரகசியச் சடங்கை நடித்துக் கிண்டல் செய்தார்கள் என்று சாட்சி சொல்ல வந்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். ஒயின் ஊற்றுகிற பையனுக்கும் காது இருக்கிறது.

எப்போது நிறுத்துவது? நாடகக்காரர் யூபுலஸ், ஒயின் தெய்வம் டயோனிசஸ் வாயில் ஒரு கணக்கு வைக்கிறார்: புத்திசாலிகளுக்கு மூன்று கிராத்தேர்தான், முதலாவது ஆரோக்கியத்துக்கு, இரண்டாவது காதலுக்கு, மூன்றாவது தூக்கத்துக்கு, குடித்ததும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான்காவது திமிருக்கு, அப்புறம் கத்தல், தெருவில் ஆட்டம், வீங்கிய கண், கோர்ட் சம்மன் என்று போய் பத்தாவதில் பைத்தியம் பிடித்து சாமான்களைத் தூக்கி எறிவார்களாம்.

இதை நாடகக்காரர் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். சிசிலியில் அக்ரகாஸ் நகரத்தில் சில இளைஞர்கள் அளவு மீறிக் குடித்துவிட்டு, புயலில் மாட்டிய கப்பலில் இருக்கிறோம் என்று நம்பி, பாரத்தைக் குறைக்க வீட்டுக் கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் தெருவில் வீசினார்கள் என்று வரலாற்றாசிரியர் டிமையஸ் சொல்கிறார். கீழே கூட்டம் கூடிக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அதிகாரிகள் விசாரிக்க வந்தபோதும் போதை இறங்கவில்லை. இளைஞர்களில் வயதில் பெரியவன் அந்த அதிகாரிகளைக் கடல் தெய்வங்கள் என்று நினைத்துக்கொண்டு, "பயத்தில் நான் அடித்தட்டிலேயே படுத்துவிட்டேன்" என்றான். திட்டி விட்டுவிட்டார்கள். கரை சேர்ந்தால் உங்களுக்குச் சிலை வைப்போம் என்று இவர்கள் வாக்கும் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு 'போர்க்கப்பல்' என்றே பெயர் நின்றுவிட்டது.