தோள்பட்டை எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று வந்தால்

ஐம்பதைத் தாண்டிய பலருக்குத் தோளை எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியும். காறை எலும்பு தோளின் உச்சியில் சேருகிற சின்ன மூட்டு தேய்ந்திருக்கும், விளிம்பில் முள் மாதிரி எலும்பு வளர்ந்திருக்கும். வலியே இல்லாதவர்களுக்கும் இது உண்டு. அதனால் படத்தை மட்டும் பார்த்துப் பயப்படாமல், கை எந்தப் பக்கம் போக மறுக்கிறது என்று பாருங்கள்.

முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். அடுத்து வீட்டில் ஒருவர் அதே கையை மெதுவாகத் திருப்பிப் பார்க்கட்டும். இரண்டு விதத்திலும் திரும்பவில்லையா? மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்கலாம், இல்லை பந்துமூட்டின் (கை எலும்பின் உருண்டைத் தலை தோளின் கிண்ணத்தில் பொருந்துகிற பெரிய மூட்டு) குருத்தெலும்பே தேய்ந்திருக்கலாம். இங்கேதான் எக்ஸ்ரே உதவும். உறை இறுகிய தோளில் படம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் (சர்க்கரைக்காரர்களுக்கு இந்த இறுக்கம் அதிகம்). தேய்ந்த தோளில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி குறைந்து, பந்தின் அடி விளிம்பில் முள் நீட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தவர் தூக்கினால் கை மேலே போகிறது, தானாகத் தூக்கத்தான் முடியவில்லை என்றால் தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. அதற்கு அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ வேண்டும்.

பயிற்சிக்கு முன் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பிறகு நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்தே சின்ன வட்டம் போடவையுங்கள், இரு பக்கமும் பத்துப் பத்து. தோள் தசையால் கையைச் சுழற்றினால் பலன் போய்விடும், பலரும் செய்கிற தப்பு அதுதான். அடுத்து ஒட்டடைக் கம்பை இரு கையாலும் பிடித்து, முழங்கை விலாவை விட்டு விலகாமல், நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கம் தள்ளி ஐந்து விநாடி நிறுத்துங்கள். பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. அன்று ராத்திரி வலி கூடித் தூக்கம் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். அடியோடு நிறுத்தினால் தோள் இன்னும் இறுகும்.

மெட்ரோ வாட்டர் அடி பம்பை நல்ல கையால் அடியுங்கள். ஒரு முழுக்குடத்துக்குப் பதில் அரைக்குடமாக இரண்டு நடை. பஸ்ஸில் மேல்கம்பியில் தொங்காமல் சீட்டுக் கம்பியைப் பிடியுங்கள். சட்டையோ ரவிக்கையோ, வலிக்கிற கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியாக எடுங்கள்.

சுளுக்கு எடுக்கிறேன் என்று கையை வெடுக்கென இழுக்க யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். வயதான எலும்பு உடைந்துபோகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் பிரஷர், கிட்னி, அல்சர் உள்ளவர்களுக்கு ஆகாது.

விழுந்தபின் கை தூக்க முடியாவிட்டாலோ, தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றே எலும்பு டாக்டரிடம் போங்கள். தோள்வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால் உடனே 108.