ஓஎஸ்பிஎஃப்பும் ரிப்பும் கலக்கும் இடத்தில் செய்யக் கூடாதவை

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நெட்வொர்க் படம் வரைந்து காட்டினார். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் இரண்டு முறைகளான ஓஎஸ்பிஎஃப்பும் ரிப்பும் அதில் இரண்டு இடத்தில் கலந்திருந்தன. பார்த்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. ஐபி தப்பாக அடிப்பது, பாஸ்வேர்டு மாற்றாதது எல்லாம் தானாகத் திருந்தும். இந்தக் கலப்பு திருந்தாது.

இரண்டு வாசலிலும் இருவழி ரீடிஸ்ட்ரிபியூஷன்

மண்டபம் பக்கம் ஓஎஸ்பிஎஃப். ராமேஸ்வரம் தீவில் ஒரு மீன் குளிர்கிடங்கு. அங்கிருந்த பழைய பெட்டிகளுக்கு ரிப் மட்டும்தான் தெரியும். பாம்பன் கடலைத் தாண்ட ஃபைபர் ஒன்று, ரேடியோ ஒன்று. தீவுக் கரையில் இரண்டுக்கும் தனித்தனி ரவுட்டர். இரண்டிலும் ரிப் வழிகளை ஓஎஸ்பிஎஃப்புக்குள்ளும், ஓஎஸ்பிஎஃப் வழிகளை ரிப்புக்குள்ளும் விட்டேன்; ரீடிஸ்ட்ரிபியூஷன் என்பது இதுதான். ஒரு பிங் போட்டேன், பதில் வந்தது, பஸ் பிடித்துவிட்டேன்.

விடிகாலை போன்: “பில் போட முடியலண்ணே, லாரி நிக்குது.”

பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டில் அதே நாலைந்து முகவரிகள் 30 வரிக்கும் திரும்பத் திரும்ப வந்தன. ஃபைபரில் தீவுக்குள் வந்த பாக்கெட் ரேடியோவில் மண்டபத்துக்குத் திரும்பி, மறுபடி ஃபைபரில் ஏறிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். எந்த முறை சொல்லும் வழியை ரவுட்டர் நம்ப வேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு, அதுதான் டிஸ்டன்ஸ். சிஸ்கோ ரவுட்டர் கணக்கில் ஓஎஸ்பிஎஃப்பின் டிஸ்டன்ஸ் 110, ரிப்புக்கு 120. சின்ன எண்ணுக்கே மதிப்பு. கிடங்கின் ரூட்டை ஃபைபர் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்பில் சொன்னதும், ரேடியோ ரவுட்டர் பக்கத்திலிருந்த ரிப் வழியை விட்டுவிட்டு அதை நம்பியது. நம்பியதோடு நிற்காமல், நான் கொடுத்த மெட்ரிக் (தூரக் கணக்கு) 1-ஐப் போட்டு ரிப்புக்குள்ளேயே திருப்பிச் சொன்னது. உள்ளே இருந்த ரவுட்டருக்குக் கிடங்கு உண்மையில் 3 ஹாப், அதாவது 3 தாண்டல் தூரம். பொய் வழியோ 2. எதை எடுக்கும்?

ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குப் போகும் ரூட்டுக்கு ஒரு டேக் (அடையாள எண்) குத்துங்கள். அந்த டேக்கோடு திரும்பி வருவதை இரண்டு ரவுட்டரிலும் மறுத்துவிடுங்கள். எதிர்த்திசைக்கு வேறு டேக். அப்புறம், ஓஎஸ்பிஎஃப் வெளி ரூட்டின் (வேறு முறையிலிருந்து உள்ளே விட்டதன்) டிஸ்டன்ஸை 130 ஆக்கினால் ரேடியோ ரவுட்டரும் நேர்வழியே போகும்.

மெட்ரிக் போடாமல் விடுவது

ஓஎஸ்பிஎஃப் ரூட்டை மெட்ரிக் இல்லாமல் ரிப்புக்குள் விட்டால் சிஸ்கோ அதை 16 என்று எடுத்துக்கொள்ளும். ரிப்பில் 16 என்றால் எட்டாத ஊர்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண் என்று நினைப்பது

ஜூனிபர் கம்பெனி ரவுட்டரில் அந்த டிஸ்டன்ஸ் எண் ரிப்புக்கு 100, ஓஎஸ்பிஎஃப் வெளி ரூட்டுக்கு 150. கதையே தலைகீழ்.

பிஜிபி டேபிள் முழுவதையும் ஓஎஸ்பிஎஃப்பில் கொட்டுவது

பிஜிபி என்பது இணையத்தின் வழிகளைச் சொல்லும் முறை. அத்தனையும் உள்ளே வேண்டாம். டிஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாததற்கெல்லாம் ஒரே வழி) போதும்.

ஒரு பிங்கோடு கிளம்புவது

ஃபைபரைப் பிடுங்கிப் பாருங்கள். சிஸ்கோவில், போன ரூட்டை ரிப் செல்லாது என்று முடிவுகட்ட 180 விநாடி, டேபிளிலிருந்து அழிக்க 240. ஐந்து நிமிடம் உட்காருங்கள். அடுத்த பஸ் வரும்.