சீன வரலாற்றுத் தொடர்களுக்கான உடைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹான், தாங், மிங் என்று எந்த வம்சத்தின் காலத்துக் கதையானாலும் முதலில் சரிபார்க்க வேண்டியது மார்பின் குறுக்கே விழும் மடிப்பைத்தான். அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கத்தை மூட வேண்டும். முடிச்சு வலது அக்குள் பக்கம் விழ வேண்டும். எதிரில் நின்று பார்த்தால் ஆங்கிலத்தின் சின்ன ‘ஒய்’ எழுத்து மாதிரி இருக்கும். இது மாறிப்போனால் தையல் பிழை என்று யாரும் மன்னித்துவிட மாட்டார்கள். குவான் சோங் என்ற அமைச்சர் இல்லாமல் போயிருந்தால் நாமெல்லாம் முடியை விரித்துப்போட்டு, வலப்பக்கத் துணி மேலே வந்து இடப்பக்கம் மூடிய உடையோடு திரிந்திருப்போம் என்று கன்பூசியஸ் சொன்னதாக அவருடைய உரையாடல் தொகுப்பில் இருக்கிறது. இடப்பக்கம் மூடினால் எல்லைக்கு அப்பாலிருக்கும் நாடோடி, இல்லையென்றால் பிணம். இறந்தவருக்கு அப்படி உடுத்தச் சொல்பவை பழைய சடங்கு நூல்கள். மணக்கோலத்தில் நிற்கும் நாயகிக்கு அந்த மடிப்பு வந்தால் எப்படி இருக்கும்?

இந்தத் தவறு டெய்லரிடம் தொடங்குவது குறைவு. மேலைநாட்டுப் பாணிப் பெண்கள் சட்டையில் வலப்பக்கம்தான் மேலே வரும். அதே பழக்கத்தில் உதவியாளர் அவசரமாகக் கட்டிவிடுகிறார். அல்லது, போஸ்டரில் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று வடிவமைப்பாளர் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடுகிறார். எடிட்டிங்கில் ஷாட்டைத் திருப்பினாலும் இதே கதைதான். அதனால் உடைப் பிரிவின் வேலை செட்டோடு முடிவதில்லை. போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் உடைப் பிரிவில் ஒருவர் பார்த்தாக வேண்டும். கித்தான் என்ற வடக்கு நாடோடி இனத்து வீரன் போன்ற பாத்திரத்துக்கு வேண்டுமென்றே இடப்பக்க மடிப்பு வைக்கலாம். அப்போது அதை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ‘தப்பாக இருக்கிறதே’ என்று யாராவது திருத்திவிடுவார்கள்.

அடுத்தது ஆண்டு. என்னைக் கேட்டால் மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன. ‘சிங் வம்சக் கதை’ என்று மட்டும் சொல்லி வேலையைத் தொடங்கக் கூடாது. 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்த அந்த வம்சம் 1912 வரை இருந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே உடையா இருந்திருக்கும்? ஆனால் சிங் அரண்மனைப் பெண் என்றதும் நம் கண்ணில் வருவது, தலைக்கு மேல் கறுப்புப் பலகைபோல் விரிந்து, பூவும் குஞ்சமும் தொங்கும் அந்தப் பெரிய கொண்டை. அது வம்சத்தின் கடைசிக் காலத்துப் பாணி. பேரரசித் தாய் சிக்ஸியின் காலத்தில்தான் அரண்மனைக்குள் கேமரா போனது. அந்தப் புகைப்படங்கள் பரவியதால் 1900இன் தலை 1700இன் உடம்பில் உட்கார்ந்துவிட்டது. ஆண்களின் சடையும் அப்படித்தான். தொடர்களில் பார்க்கும், முன்பாதி மழித்துப் பின்னால் கனமாகப் பின்னிய சடை பிற்காலத்தது. தொடக்கத்தில் தலை முழுக்க மழித்து, பின்னால் காசு அளவுக்கு மட்டும் முடி விட்டு, எலிவால் மாதிரி மெல்லிய பின்னல் போட்டார்கள். எந்த நாயகன் அதற்கு ஒப்புக்கொள்வார்! இந்தச் சமரசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து செய்தால் போதும்.

ஆண்டைச் சரியாகப் பிடித்தால் என்ன பலன் என்பதற்கு 2018இல் வந்த ‘ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்’ தொடரைப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியென்லுங் பேரரசர் காலத்துக் கதை. பெரிய பலகைக் கொண்டையை விட்டுவிட்டு, தலையோடு ஒட்டிய சிறிய அலங்காரத்தை எடுத்துக்கொண்டார்கள். சிங் வம்சத்தாரின் மஞ்சூ இன வழக்கப்படி பெண்களுக்கு ஒவ்வொரு காதிலும் மூன்று தோடு போட்டார்கள். கண்ணைப் பறிக்காத மங்கிய நிறங்கள் வேறு. முந்தைய தொடர்களின் பளபளப்புக்குப் பழகியிருந்தவர்களும் அந்தத் தோற்றத்தைக் கொண்டாடினார்கள். இதற்கு நேர்மாறான தவறு, சிங் காலப் பெண்ணுக்கு இடுப்பைப் பிடித்த சீப்பாவ் கவுன் தைப்பது. உடம்போடு ஒட்டிய அந்த வெட்டு 1920களுக்குப் பிறகு வந்தது. சிங் காலத்து அங்கி தோளிலிருந்து நேராக, தொளதொளவென்று விழும்.

பதவிச் சின்னங்களில் சறுக்குபவர்கள் நிறைய. மிங் அரசு 1391இல் அதிகாரிகளின் மார்பில் சதுரச் சின்னத்தைக் கட்டாயமாக்கியது. நிர்வாக அதிகாரிகளுக்குப் பறவைகள், படைத்தலைவர்களுக்கு விலங்குகள். முதல் நிலைக்கு நாரை, மூன்றாம் நிலைக்கு மயில், ஒன்பதாம் நிலைக்குக் காடை. சிங் அரசும் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மிங் அதிகாரியின் வட்டக் கழுத்து அங்கி பக்கவாட்டில் மூடும்; அதனால் முன்பக்கச் சதுரம் ஒரே துண்டு. சிங் அதிகாரியின் மேலங்கி நடுமார்பில் திறக்கும்; ஆகவே முன்பக்கச் சின்னத்தை இரண்டாக வெட்டி, பித்தான் போட்டால் நாரையின் இரு பாதிகளும் ஒட்டும்படி தைப்பார்கள். பின்பக்கச் சின்னம் முழுசாகவே இருக்கும். மிங் கதையில் நடுவில் பிளந்த நாரை வந்தால், அந்தத் துணி வேறு படத்தின் மூட்டையிலிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துபோகும். சிங் காலத்தில் வட்டச் சின்னம் அரச குடும்பத்துக்குரியது. அதைக் குமாஸ்தாவுக்கு மாட்டிவிடாதீர்கள்.

தாங் காலத்தில் உடையின் நிறமே பதவியைச் சொல்லும். மூன்றாம் நிலைக்கும் அதற்கு மேலும் ஊதா. நான்கும் ஐந்தும் செம்மை. ஆறும் ஏழும் பச்சை. அதற்குக் கீழே நீலம். அவையில் நிற்கும் இருபது பேருக்கும் அழகுக்காக நிறம் பிரித்தால் ஒரு கடைநிலை அதிகாரி அமைச்சராகிவிடுவார். அப்புறம் ஊதா என்றால் எந்த ஊதா? அன்றைய ஊதா ஒருவகை வேரிலிருந்து எடுத்த சாயம். ரசாயன ஊதா 1856க்குப் பிறகுதான் உலகத்துக்கே வந்தது. அந்தப் பளிச் ஊதாவைத் திரையில் பார்த்தால் திருமண ஸ்டுடியோவில் வாடகைக்கு எடுத்த உடுப்பு போலிருக்கும். சாயம் போட்டதும் ஒருமுறை அலசி மங்கவைத்து, செட்டில் எரியும் விளக்கிலேயே வைத்துப் பார்ப்பது நல்லது.

துணியிலும் இப்படித்தான். ஹான், தாங் காலத்து உழவருக்குப் பருத்திச் சட்டை தைக்கிறார்கள். பருத்தி மத்திய சீனாவில் பரவலானது 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. அதற்கு முன் எளியவர் உடுத்தியது சணல் வகை நார்த்துணிகள். அரச குடும்பம் என்றால் கனமான ஜரிகைதான் என்பதும் தப்புக் கணக்கு. 1972இல் சாங்ஷா நகரத்தின் மாவாங்தூய் கல்லறையில் கிடைத்த ஹான் காலப் பிரபுக் குடும்பப் பெண்ணின் பட்டு அங்கி 128 சென்டிமீட்டர் நீளம். எடை 49 கிராம், ஒரு கோழிமுட்டை அளவு. மெல்லியதை மெல்லியதன்மேல் அடுக்குவதுதான் அன்றைய செல்வச் செழிப்பு.

நவீன காலக் கதைகளில் ஆவணங்கள் ஏராளம். அதனாலேயே அலட்சியமும் ஏராளம். ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட, கம்யூனிஸ்டுகளின் எட்டாம் பாதைப் படையின் தொப்பியில் செந்நட்சத்திரம் வைப்பது பழைய தவறு. 1937 ஆகஸ்டில் செம்படையைத் தேசியப் படையின் பகுதியாக மாற்றியபோதே அந்த நட்சத்திரத்தையும் கழற்றிவிட்டார்கள். 1965இல் வந்த ராணுவச் சீருடையில் தோள்பட்டைப் பதவிச் சின்னமே கிடையாது. அதிகாரியின் மேல்சட்டையில் நான்கு பை, சிப்பாய்க்கு இரண்டு. பையைத் தப்பாக எண்ணித் தைத்தால் புதிதாகச் சேர்ந்த பையன் அதிகாரியாகிவிடுவான்.

சரி, செட்டுக்கு வருவோம். செச்சியாங் மாகாணத்து ஹெங்தியான் ஸ்டுடியோவில் கோடையில் குளிர்கால அரண்மனைக் காட்சி எடுப்பது சகஜம். ஐந்து அடுக்கையும் நிஜமாகவே போட்டால் நடிகர் மயங்கி விழுவார். கழுத்து ஓரங்களை மட்டும் ஒரே உள்ளாடையில் வரிசையாகத் தைத்துவிடலாம். ஆனால் குனியும், விழும் காட்சிகளுக்கு முழு அடுக்கு ஒன்று தனியாக வேண்டும். ரோப் கட்டிப் பறக்கும் சண்டை இருந்தால் கச்சைக்கு இடம் விட்டு, இடுப்போரம் கயிறு வெளியே வரத் துளை வைத்து, டூப்புக்கும் சேர்த்துக் கூடுதல் பிரதிகள் தைக்க வேண்டும். அழகான உடையை ஒன்றே ஒன்று தைத்துவிட்டு, முதல் நாளே அது கிழிந்து நிற்பவர்கள் உண்டு. முன்பெல்லாம் சீனத் தொடர்களில் குரலைப் பின்னால் டப்பிங்கில் சேர்த்தார்கள். துணி சரசரத்தால் கவலையில்லை. இப்போது செட்டிலேயே ஒலி எடுப்பது கூடிவிட்டது. பாலியஸ்டரும் கொண்டை ஊசியில் தொங்கும் மணிகளும் வசனத்தைத் தின்றுவிடும். நெற்றியில் விக் வலையின் ஓரம் தெரிவதையும் இன்றைய கேமரா மறைக்காது.

ஆதாரம் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். தாங் காலக் கல்லறை ஓவியங்களில் பெண்களின் கழுத்து இறக்கமாகவே இருக்கிறது. ஆனால் தாங் காலப் பேரரசி வூ சதியென்னைப் பற்றி ஃபான் பிங்பிங் நடித்த தொடர் 2014 டிசம்பர் 21 அன்று ஹுனான் தொலைக்காட்சியில் தொடங்கி, ஒரு வாரத்தில் நின்றது. 2015 ஜனவரி 1 அன்று திரும்பி வந்தபோது காட்சிகள் முகத்தை மட்டும் காட்டும்படி வெட்டுப்பட்டிருந்தன. செலவழித்துத் தைத்த உடையெல்லாம் ஃபிரேமுக்கு வெளியே! அப்படிப்பட்ட உடைக்கு மார்பை மறைக்கும் உள்துண்டு ஒன்றையும் சேர்த்தே தைத்து, இரண்டு விதமாகவும் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். 2022 பிப்ரவரியில் வெளியான தொலைக்காட்சித் தொடர்களுக்கான அரசுத் திட்டம், பழங்காலக் கதைகளின் உடை அந்தந்தக் காலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும், இஷ்டத்துக்குக் கலக்கக் கூடாது, பிற நாட்டு வடிவங்களோடு குழப்பக் கூடாது என்றது. ஜப்பானிய கிமோனோவின் அகலமான விறைப்பு இடுப்புப்பட்டியை ஹான் பெண்ணுக்குச் சுற்றிவிட்டால், தணிக்கைக்கு முன்பே ரசிகர்கள் பிடித்துவிடுவார்கள்.

துணை நடிகர்களின் உடை பெரும்பாலும் வாடகைதான். ஒரே மூட்டையில் மிங் தொப்பியும் சிங் மேலங்கியும் சேர்ந்து வரும். மூட்டையைப் பிரித்ததும் சின்னம் தைத்தவை, மஞ்சள் நிறம், நடுவில் திறப்பவை மூன்றையும் தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். மூன்றாவது வரிசையில் நிற்பவருக்கு மங்கிய சணல் அங்கி ஒன்று போதும். காலில் மட்டும் ரப்பர் செருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.