கருப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு: வேக்ஸ், பாலிஷ் மிச்சத்தை எடுக்கும் முறை

காருக்கு வேக்ஸ் போட்ட மறுநாள் பெயின்ட் பளபளக்கும். ஆனால் பம்பரின் கீழ்ப்பகுதி, வீல் ஆர்ச், கதவின் அடிப்பட்டை, வைப்பருக்குக் கீழே உள்ள கருப்புத் தடுப்பு எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருக்கும். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் உப்புக் காற்றுக்குப் பயந்து அடிக்கடி வேக்ஸ் போடுவதால் இந்தத் தொல்லை நமக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

பெயின்ட் அடிக்காத இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் கலவையில் வார்த்தவை. விரலால் தடவினால் சொரசொரப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். வேக்ஸ் அந்தப் பள்ளங்களில் இறங்கிக் காய்ந்துவிடுகிறது. பாலிஷ் இன்னும் மோசம். அதில் பெயின்ட்டைத் தேய்த்துக் கொடுக்கும் நுண்தூள், பல வகைகளில் அலுமினியம் ஆக்சைடு, இருக்கிறது. எண்ணெய் காய்ந்ததும் தூள் மட்டும் வெள்ளையாகத் தங்கிவிடும். துணி மேட்டைத்தான் துடைக்கும், பள்ளத்துக்குள் போகாது. ஆகவே இந்த வேலைக்கு ஆயுதம் பிரஷ்.

1. முதலில் எந்த வெள்ளை என்று பாருங்கள்

நம் ஊரில் இதைத் தாண்டிப் போகவே கூடாது. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வந்த காரில் படிவது உப்பு. நல்ல தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். போர் தண்ணீர் காய்ந்த புள்ளி ஓரம் கட்டி வட்டமாக நிற்கும், சோப்புக்கு அசையாது. அதற்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்துக் கழுவினால் போதும். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் நனைந்தால் கருப்பாகத் தெரியும், காய்ந்ததும் பழையபடி சாம்பல் நிறமாகிவிடும். இது கறை இல்லை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே கெட்டுப்போனது, தேய்த்துப் பயனில்லை.

வேக்ஸ் என்றால் நனைத்த பிறகும் பள்ளங்களில் வெள்ளை தெரியும், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். நகத்தால் சுரண்டினால் நகத்தடியில் மெழுகாக ஒட்டும். அப்படி ஒட்டினால் மேலே படியுங்கள்.

2. தண்ணீர்

சோப்பு நுரைக்காத தண்ணீரில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். உவர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தானே ஒரு வெள்ளைப் படிவை விடும். அப்புறம் வேக்ஸ் போகவில்லை என்று திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். கார் முழுக்க எந்தத் தண்ணீரில் வேண்டுமானாலும் கழுவுங்கள். பிளாஸ்டிக்குக்கும் கடைசி அலசலுக்கும் மட்டும் குடிக்கிற தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்குங்கள். குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் இது உறுத்தும்தான், ஆனால் வேறு வழியில்லை.

3. ஷாம்பூவும் பிரஷும்

காரை நிழலில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறியிருக்க வேண்டும். முதலில் தண்ணீரை விட்டு மணலை இறக்கிவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒவ்வொரு இடுக்கிலும் மணல் இருக்கும், அதோடு சேர்த்துத் தேய்த்தால் பக்கத்துப் பெயின்ட்டில் கீறல் விழும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பூ கலந்து, மென்மையான பல் பிரஷால் ஒரு சாண் அகலம் மட்டும் எடுத்துச் சுழற்றித் தேயுங்கள். நுரை சாம்பல் கலந்த வெள்ளையாக மாறினால் மிச்சம் வெளியே வருகிறது என்று அர்த்தம். அது காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் பள்ளத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அடுத்த சாண்.

கொதிக்கிற தண்ணீர் ஊற்றி உருக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பல கார் வேக்ஸ்களில் இருக்கும் கார்னாபா மெழுகு உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஊற்றிய தண்ணீர் பிளாஸ்டிக்கில் பட்டதுமே அதற்குக் கீழே ஆறிவிடும். கை வெந்ததுதான் மிச்சம். (கார்னாபாவும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருவதுதான், பிரேசில் பனை. பனங்காட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு வேறு பனையின் மெழுகோடு மல்லுக்கட்டுகிறோம்.)

4. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்

புதிதாகப் படிந்தது ஷாம்பூவிலேயே போய்விடும். பழசுக்கு இந்த ஆல்கஹால் (சில சானிடைசர்களில் இருப்பதுதான்) தேவைப்படும். சம அளவு தண்ணீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஜெல் சானிடைசரை ஊற்றாதீர்கள், அதன் பிசுபிசுப்பு தங்கிவிடும்.

பக்கத்துப் பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் அங்கே போட்ட வேக்ஸும் சேர்ந்து போய்விடும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். பிரஷில் தெளித்து, தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணியை மடித்து மடித்துச் சுத்தமான பக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். இது தீப்பிடிக்கும் பொருள்; காற்றோட்டமான இடத்தில், பீடி சிகரெட் இல்லாமல் செய்யுங்கள்.

அதற்கும் மிஞ்சிய சின்னப் புள்ளிகளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் நன்றாகவே வேலை செய்யும்.

இவை வேண்டாம்

பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை இவை கரைத்து நிரந்தரமாக வெளுக்க வைத்துவிடும். மேஜிக் ஸ்பாஞ்ச் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி. சொரசொரப்பைத் தேய்த்து ஓரிடத்தை மட்டும் மினுங்க வைத்துவிடும். வேர்க்கடலை வெண்ணெய் தடவும் வீடியோக்களும் உலாவுகின்றன. அதன் எண்ணெய் வேக்ஸைக் கொஞ்சம் இளக்கும், பொய்யில்லை. ஆனால் கழுவாமல் விட்ட எண்ணெயில் மணல் அப்பிக்கொள்ளும், எறும்பும் வரும். தேங்காய் எண்ணெய் தடவிக் கருப்பாக்குவது கறையை மூடுவதே தவிர எடுப்பதில்லை.

5. அலசி, காயவைத்து, டிரஸ்ஸிங்

நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பாருங்கள். ஈரத்தில் எல்லாமே கருப்பாகத்தான் தெரியும். வெள்ளை இல்லை என்றால் வெயில் தாங்கும் டிரிம் டிரஸ்ஸிங்கை (கருப்புப் பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பூச்சு) மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

இனி வேக்ஸ் போடும்போது டிரஸ்ஸிங்கை முதலில் தடவிவிட்டு, பிளாஸ்டிக் ஓரங்களில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டேப்பைத் தாண்டிப் பட்டால் காயவிடாமல் ஈரத் துணியால் அப்போதே துடைத்தால் பிரஷ் எடுக்கவே வேண்டியிருக்காது.