ஃபில்லிங் ஓரம் கசிகிறதா? குழி வெட்டும் முறையைச் சாயம் வைத்துச் சோதிப்பது எப்படி

வெவ்வேறு முறையில் குழி வெட்டி ஃபில்லிங் வைத்த பற்களைச் சாயத்தில் ஊறவைத்து, எதன் ஓரத்தில் சாயம் அதிகம் கசிந்து நுழைகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. முதன்முதலாக ஒரு சின்ன ஆய்வு செய்து பார்க்க நினைக்கும் பி.டி.எஸ். (பல் மருத்துவ) மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, சேலத்து வெயிலில் ஏசி இல்லாத லேபில் வேலை செய்கிறவர்களுக்கு.

சொத்தையை எடுத்துக் குழி வெட்டும் விதம் மாறினால் குழியின் சுவரும் மாறும். பர் (பல்லைக் குடையும் சுழல்முனை) கொண்டு வெட்டும்போது நசுங்கிய துகள்கள் ஓரிரு மைக்ரான் தடிமனில் சுவரில் அப்பிக்கொள்கின்றன. இதுதான் ஸ்மியர் லேயர். தூசி தட்டாத சுவரில் அடித்த பெயிண்ட் போல, இதன் மேல் வைக்கும் பாண்டிங்கின் (ஃபில்லிங்கைப் பல்லோடு ஒட்டும் பசையின்) பிடி தளர்வாகத்தான் இருக்கும். எர்பியம் யாக் லேசர் வேறு மாதிரி. பல்லுக்குள் இருக்கும் நீரைச் சட்டென்று ஆவியாக்கி, அந்த வெடிப்பிலேயே பல்லைப் பெயர்க்கிறது. ஸ்மியர் லேயர் இல்லை, பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினின் நுண்குழாய்களின் வாயும் திறந்தே இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் மேற்பரப்பை ஒட்டிய கொலாஜன் (புரத) இழைகள் கெட்டுப்போகின்றன. பாண்டிங் இறங்கிப் பிடிக்க அதே இழைகள்தான் வேண்டும். அதனால் லேசரில் வெட்டினால் கசியவே கசியாது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

உங்கள் கல்லூரியில் லேசர் இல்லையா? பரவாயில்லை. கரடான டைமண்ட் பர் ஒரு குழு, டங்ஸ்டன் கார்பைடு பர் இன்னொரு குழு என்று வைத்தாலே நல்ல கேள்விதான். டைமண்ட் பர் விடும் படலம் பொதுவாகத் தடிமன் கூடியது.

படி 1: பல் சேர்ப்பது

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள். கிளிப் போடுவதற்காக எடுத்த பிரிமோலார் (முன்கடைவாய்) பற்கள் இதற்குத் தோது. சொத்தை, விரிசல், பழைய ஃபில்லிங் எதுவும் இருக்கக்கூடாது. நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேலம், தர்மபுரி வட்டாரத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள இடங்கள் உண்டு. ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லில் வரும் பாதிப்பு) வந்த எனாமலை ஆசிட் எளிதில் அரிக்காது, பாண்டிங்கும் மாறும். வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ தெரியும் பல்லைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

எடுத்த பல்லை 0.5 சதவீத குளோரமின் டி என்ற கிருமிநாசினிக் கரைசலில், ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலை நடக்கும்போதும் ஈரம் காயவே கூடாது. மே மாதத்தில் ஃபேனுக்குக் கீழே பல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது எனாமலில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். சாயம் அதன் வழியாக இறங்கும், பழி ஃபில்லிங் மேல் விழும்.

படி 2: குழி

கன்னப் பக்கத்தில் க்ளாஸ் 5 குழி (ஈறை ஒட்டிய குழி) வெட்டுங்கள். 3 மி.மீ. அகலம், 2 மி.மீ. உயரம், 1.5 மி.மீ. ஆழம் போதும். மேல் ஓரம் எனாமலில் இருக்கட்டும். கீழ் ஓரம் எனாமலும் வேரும் சேரும் கோட்டுக்கு 1 மி.மீ. கீழே இறங்கட்டும். கசிவு பெரும்பாலும் இந்தக் கீழ் ஓரத்தில்தான் பிடிபடும். பரைச் சுழற்றும் ஏர்ரோட்டரில் தண்ணீர் ஸ்ப்ரே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து குழிக்கு ஒரு பர் என்று மாற்றிவிடுங்கள். எல்லாக் குழியையும் ஒரே ஆள் வெட்டுவது நல்லது.

படி 3: பாண்டிங்கும் ஃபில்லிங்கும்

ஆய்வின் முடிவு இங்கேதான் பாதி தீர்மானமாகிறது. பாண்டிங்குக்கு முன் 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் வைத்துக் கழுவினால், எந்த பர் விட்ட ஸ்மியர் லேயராக இருந்தாலும் அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு பர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று நீங்கள் எழுதிவிடக்கூடும். மென்மையான செல்ஃப் எட்ச் பாண்டிங் (ஆசிட்டும் பசையும் ஒன்றாகவே உள்ளது) அந்தப் படலத்தைக் கழுவுவதில்லை, அதன் ஊடாகவே வேலை செய்கிறது. வெட்டிய முறையின் தாக்கம் அதில்தான் தெரிய வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் செல்ஃப் எட்ச் வைத்தே பாருங்கள் என்பேன். எதை எடுத்தாலும் எல்லாக் குழுவுக்கும் அதே பாண்டிங், அதே காம்போசிட் (ஃபில்லிங் பொருள்), அதே லைட் க்யூர் (ஒளி பாய்ச்சி இறுக்கும்) நேரம்.

காம்போசிட் இறுகும்போது கொள்ளளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும், அந்த இழுப்பில் ஓரம் விட்டுக்கொடுக்கலாம். அதனால் மொத்தமாகத் திணிக்காமல் இரண்டு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் தனியாக க்யூர் செய்யுங்கள். அப்புறம் 24 மணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டுப் பாலிஷ் செய்யலாம்.

படி 4: சூடும் குளிரும்

ஏற்காடு காபியைச் சுடச்சுடக் குடித்த வாயில் உடனே ஐஸ் வாட்டரும் போகிறது. பல்லும் காம்போசிட்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அதைப் போலச் செய்வதுதான் தெர்மோசைக்ளிங். 5 டிகிரி, 55 டிகிரி என இரண்டு தொட்டிகளில் 500 முறை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 விநாடி. மெஷின் இல்லாமல் கையால் செய்தால் சூடான தொட்டி தொல்லை தராது, குளிர்ந்ததுதான் படுத்தும். ஐஸ் கரைந்துகொண்டே இருக்கும். தெர்மோமீட்டரை அந்தத் தொட்டியிலேயே விட்டுவையுங்கள்.

படி 5: சாயம்

வேர் நுனியை மெழுகால் அடைத்துவிடுங்கள். ஃபில்லிங்கும் அதைச் சுற்றி 1 மி.மீ. இடமும் தவிர, பல் முழுவதும் இரண்டு கோட் நெயில் பாலிஷ். முதல் கோட் காய்ந்த பிறகே இரண்டாவது. பின்பு 2 சதவீத மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாயத்தில் 24 மணி நேரம் ஊறட்டும். குழாயடியில் நன்றாகக் கழுவி, ஃபில்லிங்கின் நடுவே டைமண்ட் டிஸ்க்கால், தண்ணீர் விட்டபடியே, நீளவாக்கில் வெட்டுங்கள்.

படி 6: ஸ்கோர்

ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் நீலக்கோடு எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். சாயம் இல்லை என்றால் 0. குழிச் சுவரின் பாதி வரை 1. பாதியைத் தாண்டி, ஆனால் குழியின் ஆழத்தில் உள்ள அடிச்சுவரைத் தொடாமல் 2. அடிச்சுவரில் பரவியிருந்தால் 3. மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் தனித்தனி ஸ்கோர் போடுங்கள். எந்தப் பல் எந்தக் குழு என்று தெரியாத இரண்டு பேர் பார்க்க வேண்டும். இவை தரவரிசை எண்கள் என்பதால் சராசரி எடுத்து ஒப்பிடாதீர்கள். இரண்டு குழு என்றால் மான்-விட்னி, அதற்கு மேல் என்றால் க்ரஸ்கல்-வாலிஸ் என்ற புள்ளியியல் சோதனை.

முடிவை எழுதும்போது ஒரு விஷயம். மெத்திலின் ப்ளூ மூலக்கூறு பாக்டீரியாவை விடப் பல நூறு மடங்கு சிறியது. சாயம் நுழைந்த சந்தில் கிருமியும் நுழைந்துவிடும் என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. எந்த முறையில் வெட்டிய குழி, எந்த ஓரத்தில், எந்த பாண்டிங்கோடு அதிகம் கசிந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.