ஏற்காட்டு வீட்டின் மரப்படிகளைச் சீர்செய்த அனுபவம்

ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மழைக்கால மூடுபனி வீட்டுக்குள்ளும் புகுவதால், எங்கள் தேக்குப் படிக்கட்டின் கைப்பிடி ஆடத் தொடங்கி, பாலிஷும் வெண்மை படர்ந்து மங்கிவிட்டது. சேலத்திலிருந்து வந்து பார்த்த தச்சர்களில் பலர் ஆணி அடித்து வார்னிஷ் பூசிவிடலாம் என்றனர். ஒருவர் மட்டும் ஒவ்வொரு தூணையும் அசைத்துப் பார்த்து, படிகளின் அடிப்புறத்தையும் விளக்கு வைத்து ஆராய்ந்த பிறகே விலை சொன்னார். வேலையை அவரிடமே ஒப்படைத்தேன்.

ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தில் ஆணி நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால், அவர் கைப்பிடித் தூண்களைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, கழுந்துகளில் (துளைக்குள் செருகும் முனைகளில்) மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டிப் பருமனாக்கி, புதிய பசையுடன் துளைகளில் இறுக்கினார். அந்தப் பொறுமைக்கே கூலி தகும். பின்னர் 80, 120, 220 என்று எண் கூடக்கூட நயமாகும் வரிசையில் உப்புத்தாள் தேய்த்தார். அரக்கு பாலிஷ் ஈரத்தில் வெளுக்கும் என்று விளக்கி, ஈரம் தாங்கும் பிளாஸ்டிக் வகையான பாலியூரித்தேன் பூச்சையே அடித்தார். அடிப்புறத்தை விட்டால் ஈரம் அவ்வழியே ஏறிப் பலகை வளையும் என்பதால் அங்கும் பூசினார். மழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களே இதற்கு ஏற்றவை. கூலியையும் பொருள் செலவையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.