உப்பு தின்ற மட்கார்டுக்கு ஃபைபர்: ரெடெலே காட்டிய வழி

கோடியக்கரை முதல் தரங்கம்பாடி வரை ஓடும் பழைய அம்பாசிடர்களில் முன் மட்கார்டுதான் சீக்கிரம் போகும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் வயல் சேறு அடைந்துகொள்ளும், அதில் உப்புக்காற்றின் ஈரம் காயாமல் நிற்கும், தகடு உள்பக்கத்திலிருந்தே அரித்துவிடும். ஒட்டு வைத்து வெல்டிங் அடித்தால் அடுத்த மழைக்கு ஒட்டின் ஓரம் பொத்துக்கொள்ளும். ஃபைபரில் ஒன்று செய்து மாட்டிவிடுவதே நல்லது. நாகை, காரைக்கால் பக்கம் ஃபைபர் படகு வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அதே மேட் (கண்ணாடி இழை விரிப்பு), அதை நனைத்து இறுகும் அதே ரெசின்தான் இதற்கும்.

இந்த வழியில் ஒரு கார் கம்பெனியையே எழுப்பியவர் ழான் ரெடெலே. 1922-ல் பிரான்ஸில் தியெப் என்ற துறைமுக ஊரில் பிறந்து, அங்கேயே ரெனோ கார் டீலராக இருந்தவர். ரெனோவின் குட்டிக் காரான 4சிவியில் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்துக்குப் போய் 1952, 1953, 1954 என மூன்று வருடமும் தன் பிரிவில் ஜெயித்தார். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம், 1955-ல், அல்பின் கம்பெனியைத் தொடங்கினார். முதல் காரான ஏ106-க்கு அடிப்பாகமும் 747 சிசி எஞ்சினும் 4சிவியுடையவை. மேலே போர்த்தியது ஃபைபர் பாடி. தகட்டை அழுத்தும் பிரஸ் டைக்குப் போடும் பணம் ஆயிரக்கணக்கில் கார் விற்றால்தான் திரும்பும். ஃபைபர் அச்சுக்கு ஒரு கொட்டகை போதும். பின்னால் வந்த ஏ110-தான் 1973-ல் அல்பினுக்கு உலக ரேலி பட்டத்தை வாங்கிக் கொடுத்தது.

ஃபைபரில் அச்சுதான் முக்கியம், ஆகவே அதில் அவசரப்படாதீர்கள். பழைய மட்கார்டைக் கழற்றி, ஓட்டையையும் நெளிவையும் பட்டி போட்டு நிரப்பி, 800 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து மழமழவென்று ஆக்குங்கள். இதன் மேல் மேட்டும் ரெசினும் போட்டுத்தான் அச்சு எடுக்கப்போகிறோம், அதில் உள்ள பள்ளம் மேடு எல்லாம் அப்படியே அச்சில் விழும். மோல்டு மெழுகு 5 தடவை. ஒவ்வொன்றும் காய்ந்து துடைத்த பிறகே அடுத்தது. மேலே, அச்சு ஒட்டாமல் பிரிந்து வர, தண்ணீரில் கரையும் பிவிஏ பூச்சு ஒரு கை. சக்கர வளைவின் ஓரம் உள்பக்கம் மடிந்திருக்கும், ஒரே அச்சாக எடுத்தால் மாட்டிக்கொண்டு வராது. அந்த இடத்தில் பிரித்து, போல்ட் போட்டு இணைக்கும்படி இரண்டு துண்டாக எடுக்க வேண்டும். அச்சு 6 மி.மீ. கனம் வரட்டும், ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு மேட்டுக்கு மேல் போட்டால் சூட்டில் கோணிவிடும். முதுகில் மரச்சட்டம் பதித்து, ஒரு வாரம் விட்டுப் பிரியுங்கள். வராவிட்டால் ஓரத்தில் தண்ணீர் விடுங்கள். பிவிஏ கரைந்து வழி விடும்.

இனி அந்த அச்சுக்குள் மட்கார்டு. ஒரு சதுர மீட்டருக்கு, வெளித்தோலாக வரும் ஜெல் கோட் 600 கிராம், 300 கிராம் மேட் ஒரு அடுக்கு, 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு, ரெசின் 3 கிலோ. ஜெல் கோட்டை விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக்கூடாது. அதுதான் மேட் போடும் பதம். ஜெல் கோட் மெல்லிசாக இருந்தாலோ பதம் வரும் முன் மேட் போட்டாலோ, ரெசின் உள்ளே இறங்கி ஜெல் கோட் பாலாடை மாதிரி சுருங்கும். மேட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், ஓரம் திட்டாகத் தெரியாது. ரெசினை முதலில் தடவி, அதன் மேல் மேட்டை வைத்து, பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. ரோலரால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள்.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் சித்திரை வெயிலில் கிலோ ரெசினுக்கு 10 கிராம், குளிர் நாளில் 15 முதல் 20. 10-க்குக் கீழே போனால் உள்ளே வேகாமல் நிற்கும். ஒரு தடவைக்கு அரைக் கிலோ ரெசின் மட்டும் கலக்குங்கள். வாளி நிறையக் கலக்கினால் புகைந்து கட்டியாகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கத்தரிப்பூ நிறக் கோபால்ட்டை முதலிலேயே ரெசினில் நன்றாகக் கலந்துவிடுங்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரெசின் உள்ளே இறங்காது, பிவிஏ காயாது. தை பிறந்து, பனி விலகி வெயில் ஏறிய பிறகு ஆரம்பியுங்கள்.

போல்ட் துளை வரும் இடத்தில் இரண்டு அடுக்கு மேட் கூடுதலாகப் போட்டு, அகல வாஷர் வையுங்கள்; சின்ன வாஷர் ஃபைபரைக் கிழித்துவிடும். மாட்டி முடித்ததும் ஹெட்லைட் எரியவில்லை என்றால் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பழைய தகடே அதற்கு எர்த்தாக இருந்தது, ஃபைபரில் கரண்ட் போகாது. ஹெட்லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் தனித்தனியாக ஒரு கறுப்பு வயரை இழுத்து, பெயிண்ட் சுரண்டிய சேஸில் முடுக்குங்கள்.